ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசையும்



தெருவில் ஓடிக் களைத்த ஒரு பழைய காரை வீட்டுக் கொட்டகையில் வைத்தே ‘ஹாட் ராட்’ ஆக்குகிறார்களே, அந்தக் கலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது நம் ஊரில் பிறந்த கலை அல்ல. அமெரிக்காவில், அதிலும் தெற்குக் கலிபோர்னியாவில், 1930களிலும் 40களிலும் பிறந்தது. ஆகவே உங்களை இன்று மாலை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கொல்லைப்புறங்களுக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். வாருங்கள்.

ஹாட் ராட் என்றால் என்ன? மலிவான பழைய கார் ஒன்றை வாங்கி, வேண்டாத எடையைக் கழற்றிப் போட்டு, எஞ்சினுக்கு உரமேற்றி, தரையோடு தாழ்த்தி, அதன் பிறகும் அதே காரில் தெருவில் போய்வர முடிந்தால் அது ஹாட் ராட். ‘ஹாட் ரோட்ஸ்டர்’ என்பதுதான் சுருங்கி ஹாட் ராட் ஆயிற்று என்பார்கள். ரோட்ஸ்டர் என்பது கூரை இல்லாத இரண்டு பேர் கார். கூரை இல்லை, அதனால் எடையும் இல்லை. வேகத்துக்கு ஆசைப்பட்ட ஏழைப் பையனுக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறு எது?

ஏன் கலிபோர்னியா? நான்கு காரணங்கள் ஒரே இடத்தில் கூடின. மழை குறைவு, அதனால் பழைய கார்கள் துருப்பிடிக்காமல் கிடந்தன. ஃபோர்டு மாடல் டி கார்கள் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி தயாராகி, பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் காயலான் கடைகளில் குவிந்தன. விமானத் தொழிற்சாலைகள் இருந்ததால் லேத் பிடிக்கவும் வெல்டிங் அடிக்கவும் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. நான்காவது காரணம்தான் மிக அழகானது: மலைகளுக்கு அப்பால் மொஹாவி பாலைவனம், அங்கே தண்ணீர் வற்றிப்போய், சிமெண்டுத் தளம்போல் இறுகிக் கிடந்த ஏரிகள். முரோக், எல் மிராஜ், ரோசமண்ட், ஹார்ப்பர். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை, மேடில்லை, மனிதரில்லை.

சனிக்கிழமை இரவு அந்தப் பையன்கள் நகரத்திலிருந்து தங்கள் காரையே ஓட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போவார்கள். காருக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். வெயில் ஏறினால் காற்று எழும், புழுதி கிளம்பும். ஆகவே விடியற்காலையிலேயே வேலை தொடங்கும். முகப்பு விளக்கைக் கழற்று, மட்கார்டைக் கழற்று, முன்கண்ணாடியைக் கழற்று. ஒரே ஓட்டம், அளந்து வைத்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தான் என்று கடிகாரம் சொல்லும். பிறகு? கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போவான்!

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பந்தயத்துக்கென்றே பிறந்த கார் ஒருநாள் ஓடினால் போதும். அவனுடைய கார் ஞாயிற்றுக்கிழமை பறக்கவும் வேண்டும், திங்கட்கிழமை சிக்னலில் நிற்கவும் வேண்டும். இந்த இரட்டைக் கடமைதான் அவனை யோசிக்க வைத்தது. நான் இன்று சொல்ல வந்ததும் அந்த யோசனையைப் பற்றித்தான். காரில் எதையாவது ஒன்றை மாற்றினால், அது தன்னோடு நின்றுவிடாது. ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசையும். அந்த ஒன்பதையும் தேடிப் போனவன்தான் ஹாட் ராட் கட்டினான். தேடாதவன் எஞ்சினைக் கெடுத்தான், அல்லது உயிரை விட்டான்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எந்தக் கார்? ஹாட் ராட் உலகில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு. அவர்கள் அதைச் செல்லமாக ‘டியூஸ்’ என்று அழைப்பார்கள். சீட்டாட்டத்தில் இரண்டாம் எண் சீட்டுக்கு உள்ள பெயர், முப்பத்திரண்டில் உள்ள இரண்டுக்காக.

ஏன் அந்தக் கார்? எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் அதற்கு முன்னும் இருந்தது; காடிலாக் போன்ற பணக்காரக் கார்களில் இருந்தது. ஹென்றி ஃபோர்டு அதை 500 டாலருக்கும் குறைவான காரில் வைக்க ஆசைப்பட்டார். எட்டு சிலிண்டரையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டால் விலை இறங்கும் என்று நம்பினார். எடிசனின் பழைய ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்றைத் தம் ஊருக்குப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதற்குள் சிலரை உட்கார வைத்து ரகசியமாக வேலை வாங்கினார். வார்த்த பிளாக்குகள் பல வீணாயின. மனிதர் விடவில்லை. 1932 மார்ச்சில் அந்த எஞ்சின் வெளிவந்தபோது அவருக்கு வயது 68. கொள்ளளவு 221 கன அங்குலம்; நம் கணக்கில் 3.6 லிட்டர். ஆற்றல் 65 குதிரைத்திறன். இன்றைக்கு இது சிறிய எண். அன்றைக்குத் தச்சனும் பால்காரனும் வாங்கும் காரில் 65 குதிரை என்பது கேட்டறியாத செய்தி.

சரி, காயலான் கடையில் அந்தக் கார் கிடைத்துவிட்டது. இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் நிறுத்தியாயிற்று. நண்பர்களே, முதலில் எதைக் கழற்றுவீர்கள்?

மாணவர்கள் பக்கத்திலிருந்து ‘எஞ்சின்’ என்று ஒரு குரல் கேட்கிறது. பதினெட்டு வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் மாமா பட்டறையில் ஒரு பழைய கார் எஞ்சினின் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி, கம்ப்ரெஷனை ஏற்றினேன். ஒரு வாரம் அருமையாக இழுத்தது. எட்டாம் நாள் ஹெட் கேஸ்கட் வெடித்து, தண்ணீர் எண்ணெயில் கலந்து, பேரிங்குகள் போயின. பழைய ரேடியேட்டர் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று நான் பார்க்கவே இல்லை. மாமா திட்டவில்லை. “ரேடியேட்டரைத் தட்டிப் பாத்தியாடா?” என்று மட்டும் கேட்டார். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

முதலில் கழற்ற வேண்டியது பிரேக். 1932 ஃபோர்டில் பிரேக் என்பது கம்பிகளால் இழுக்கப்படுவது. பெடலை மிதித்தால் இரும்புத் தண்டுகள் நான்கு சக்கரத்துக்கும் ஓடி, டிரம்முக்குள் இருக்கும் பட்டைகளை விரிக்கும். ஒரு தண்டு கொஞ்சம் நீண்டு, இன்னொன்று கொஞ்சம் குறைந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஃபோர்டு கார்களுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1939இல்தான். ஆகவே விவரம் தெரிந்த பையன் என்ன செய்தான்? காயலான் கடையில் அடிபட்டுக் கிடக்கும் 1939க்குப் பிந்தைய ஃபோர்டைத் தேடிப் போனான். அதன் டிரம், பிளேட், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் அத்தனையையும் கழற்றி வந்து தன் முப்பத்திரண்டில் பூட்டினான். அதே கம்பெனி, ஏறக்குறைய அதே அளவுகள். கொஞ்சம் அரம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

ஏன் இது முதல் வேலை? பள்ளிக்கூடக் கணக்குதான். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. நாற்பது மைலில் போகும் கார் ஒரு வீட்டுத் தூரத்தில் நின்றால், எண்பது மைலில் போகும் அதே கார் நிற்க நான்கு வீட்டுத் தூரம் வேண்டும். எஞ்சினுக்கு இன்னும் ஒரு குதிரையைக்கூடச் சேர்க்கவில்லை. அதற்குள் அந்த நான்கு வீடுகளை நினைக்க வேண்டும். நினைத்தார்களா? எல்லோரும் நினைக்கவில்லை. நினைக்காதவர்களால்தான் பத்திரிகைகள் ஹாட் ராட் என்ற சொல்லையே கொலைகாரன் என்பதுபோல் அச்சிட்டன.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். அங்கேதான் ருசி இருக்கிறது!

அந்த வி-8க்கு ‘ஃபிளாட்ஹெட்’ என்று பெயர். அதன் வால்வுகள் ஹெட்டில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே அமர்ந்திருக்கின்றன. ஆகவே ஹெட் என்பது ஒரு தட்டையான மூடி, அவ்வளவுதான். எளிமை, மலிவு. ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு நோய் ஒளிந்திருக்கிறது. எரிந்த புகை வெளியே போக வேண்டுமானால், பிளாக்கின் உள்ளிருந்து தண்ணீர் ஓடும் அறைகளின் ஊடே குறுக்கே போய் வெளியேற வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கமும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே வாசல். அந்த நெருப்பு முழுவதும் தண்ணீரில் இறங்குகிறது. ஃபிளாட்ஹெட் கொதிக்கிறது என்று அமெரிக்கர் அலுத்துக்கொண்டதன் மூலம் இதுதான்.

ஆகவே எஞ்சினைப் பிரித்தவன் முதலில் செய்ய வேண்டியது பிளாக்கைக் காரத் தொட்டியில் போட்டு வேகவைத்து, பல ஆண்டுத் துருவையும் மண்ணையும் தண்ணீர் அறைகளிலிருந்து வெளியேற்றுவது. அடுத்தது விரிசல் பார்ப்பது. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரைக்கும் மயிரிழை போல் ஒரு கோடு ஓடியிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்காமல் சிலிண்டரைப் போர் அடிக்கக் கொடுத்தால் கூலியும் போச்சு, பிளாக்கும் போச்சு. இரண்டு பிளாக்கை ஒதுக்கி மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை அந்த ஆட்களுக்கு இருந்தது.

எஞ்சின் என்பது ஒரு காற்றுப் பம்பு. எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து, பெட்ரோலோடு எரித்து, வெளியே தள்ளுகிறதோ அவ்வளவுதான் அதன் பலம். காற்றைக் கூட்ட வழி என்ன? அறையைப் பெரிதாக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஃபோர்டு பிளாக் 239 கன அங்குலம். அதன் துளையை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பெரிதாகப் போர் அடித்து, 1949க்குப் பிந்தைய மெர்குரி காரின் கிராங்க் ஷாஃப்டைப் போட்டால், பிஸ்டன் கால் அங்குலம் கூடுதலாக ஏறி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 276 வரும். இரண்டு கார்களின் உறுப்புகள், ஒரு லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை. அதற்குக் கிடைத்த கூலி அரை லிட்டருக்கும் அதிகம்!

அடுத்து மூச்சுக்குழாய். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று. அவர்கள் உயிராக நேசித்தது ‘ஸ்ட்ராம்பெர்க் 97’. அந்த 97 என்பது அதன் தொண்டையின் அளவு: 0.97 அங்குலம். இரண்டு கார்புரேட்டர் வைத்தால் இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும். கருவி வாங்கக் காசில்லாதவன் ஒரு துண்டு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இதன் சீறலையும் அதன் சீறலையும் மாறி மாறிக் கேட்டு ஸ்குரூவைத் திருகினான். வித்வான் சுருதி சேர்ப்பது போன்ற வேலை அது.

அதற்குள் ஓர் இழுபறியைப் பாருங்கள். வால்விலிருந்து சிலிண்டருக்குக் காற்று தாராளமாகப் போக வேண்டும் என்று இரண்டுக்கும் இடையே உள்ள பிளாக் மேட்டைச் சாணை பிடித்துத் தாழ்த்துவார்கள். காற்று ஓடும். ஆனால் அறை பெரிதாகிவிட்டதால் கம்ப்ரெஷன் இறங்கும். கம்ப்ரெஷனை ஏற்ற ஹெட்டைத் தாழ்த்தினால் காற்றுப்பாதை மறுபடி குறுகும். எதைக் கொடுத்து எதை வாங்குவது? கோடி ரூபாய் ஆய்வகத்தில் இன்றும் பொறியாளர் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார். அதைப் பள்ளிப்படிப்பு முடியாத ஒரு பையன் கொல்லைப்புறத்தில் கேட்டான்.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட் இஸ்கெண்டேரியன். 1921இல் பிறந்தவர், ஆர்மீனியக் குடியேறிகளின் மகன். அவர் கட்டிய காரைக் கேளுங்கள்: மேலுடம்பு மாடல் டி, சேஸிஸ் எசெக்ஸ் காருடையது, முன்பக்க கிரில் பான்டியாக், எஞ்சின் ஃபோர்டு வி-8. நான்கு வீட்டுப் பாத்திரத்தில் ஒரு சமையல்! அந்தக் கார் 1942இல் வறண்ட ஏரியில் மணிக்கு 120 மைல் ஓடியது. 190 கிலோமீட்டருக்கு மேல்.

போர் முடிந்து திரும்பியவர் தம் எஞ்சினுக்கு நல்ல கேம் ஷாஃப்ட் ஒன்று வேண்டும் என்று போனார். கேம் ஷாஃப்டில் முட்டை வடிவக் குமிழ்கள் இருக்கின்றன அல்லவா, அவைதான் வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று தீர்மானிக்கின்றன. எஞ்சினின் குணத்தை எழுதி வைத்திருக்கும் ஏடு அது. அதைக் கடைந்து தருபவர்களோ ஒருசிலர், காத்திருந்தோரோ பலர். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இஸ்கெண்டேரியன் என்ன செய்தார்? பழைய கிரைண்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கினார். கேம் கடையும் கலையில் முன்னோடியான எட் வின்ஃபீல்டின் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் அவர். பார்த்ததை நினைவில் வைத்து அந்த இயந்திரத்தைக் கேம் கடையும் இயந்திரமாக மாற்றிவிட்டார். தமக்கு ஒரு கேம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தொடங்கிய வேலை, உலகமெங்கும் கேம் விற்கும் தொழிற்சாலையானது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்தவர் அவர்.

அந்தக் கேமுக்கும் ஒரு விலை உண்டு. வால்வை நீண்ட நேரம் திறந்து வைத்தால் உச்ச வேகத்தில் எஞ்சின் பாடும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது மூச்சு தடுமாறி, தாளம் தப்பித் துள்ளும். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவனுக்கு அது வேண்டுமா? அவனவன் தேவைக்கேற்ற கேமைத் தேர்ந்தெடுப்பதுதான் விவேகம். அடுத்த வீட்டுக்காரன் போட்டிருக்கிறான் என்பதற்காகப் போடுகிறவன் அந்த விவேகத்தை இழக்கிறான்.

விக் எடெல்பிராக் என்ற இன்னொருவர். கன்சாஸில் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் மெக்கானிக் கடை வைத்தவர். தம் சொந்த 1932 ரோட்ஸ்டருக்கு இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டு தேடினார். கிடைத்தது திருப்தியாக இல்லை. தாமே ஒன்றை வார்க்கச் செய்தார். அதோடு 1941இல் மணிக்கு 121 மைல் ஓட்டினார். பார்த்தவர்கள் எனக்கொன்று, எனக்கொன்று என்றார்கள். அப்படித்தான் ஒரு கம்பெனி பிறந்தது. நண்பர்களே, இந்தத் தொழில் முழுவதும் இப்படிப் பிறந்ததுதான். சந்தை ஆய்வில்லை, முதலீட்டாளர் இல்லை. எனக்கு வேண்டும், கிடைக்கவில்லை, ஆகவே செய்தேன் என்ற மூன்றே சொற்றொடர்.

எஞ்சின் தயார். காரில் இறக்கிவிட்டோம். வேலை முடிந்ததா? இப்போதுதான் ஒன்பதும் அசையத் தொடங்குகின்றன. புதிய பலத்தைக் கிளட்ச் தாங்குமா? பழைய கியர்பாக்ஸின் முதல் கியர்ப் பல் தாங்குமா? பின் ஆக்ஸில் ஷாஃப்ட் முறியுமா? ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

இதில் ஒரே ஒரு சங்கதியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். முன் ஆக்ஸிலைப் பின்னோக்கிப் பிடித்து நிறுத்த ஃபோர்டு ஓர் இரும்புக் கவையை வைத்திருந்தார். கோழியின் நெஞ்செலும்புபோல் முன்னே விரிந்து பின்னே ஒன்றாய்க் கூடும். கூடும் முனை நடுவில், ஒரு பந்து மூட்டில் உட்காரும். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ மாற்றினால் அந்தப் பந்து மூட்டுக்கு இடம் இருக்காது. உடனே கவையை நடுவில் அறுத்து, இரண்டு கைகளையும் சேஸிஸின் இரண்டு பக்கங்களில் தனித்தனியாகப் பூட்டுவார்கள். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது? முன்பு ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் கவை முழுவதும் அந்தப் பந்தில் சுழன்று இடம் கொடுத்தது. இப்போது இரண்டு கைகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால், ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது ஆக்ஸிலே முறுக்கிக்கொள்ள வேண்டும். பழைய ஐ-பீம் ஆக்ஸில் அப்படி முறுக்கிக் கொடுக்கும். பார்க்க நவீனமாக இருக்கிறதே என்று அதன் இடத்தில் குழாய் ஆக்ஸிலைப் போட்டால்? குழாய் முறுகாது! முறுகாத இடத்தில் எதுவோ ஒன்று முறிய வேண்டும். வெல்டிங் விரியும், பிடிப்பு அறும். எங்கே? ஓடும் காரின் முன் சக்கரத்தில். எஞ்சினை மாற்றியவன் ஆக்ஸில் முறிந்து கவிழ்ந்தான் என்றால் கேட்பவர் நம்புவாரா? ஆனால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை.

மேலுடம்பு வேலையைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். அது டிங்கர்மார்களின் சாம்ராஜ்யம். கூரையுள்ள காரானால் தூண்களை அறுத்து மூன்று, நான்கு அங்குலம் தாழ்த்துவார்கள். அறுப்பது எளிது. தூண்கள் சாய்ந்து நிற்பதாலும், அடியில் பருத்து மேலே மெலிவதாலும் அறுத்த முனைகள் ஒன்றோடொன்று பொருந்தா, அங்கேதான் கைத்திறன். பற்றவைத்த இடத்தை ஈயம் உருக்கிப் பூசி, அரத்தால் இழைத்து, ஒட்டு தெரியாமல் ஆக்குவார்கள். ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற சகோதரர்கள் இந்தக் கலையில் பெரும் பெயர் எடுத்தார்கள்.

இந்த மனிதர்கள் தனித்தனியே கொட்டகையில் அடைந்து கிடந்திருந்தால் இந்தக் கலை அழிந்திருக்கும். அவர்கள் கூடினார்கள். 1937இல் பல கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிபோர்னிய டைமிங் அசோசியேஷன் என்ற சங்கத்தை அமைத்தன. காரைச் சோதித்து, தகுதி இருந்தால்தான் ஏரியில் ஓட விடுவது என்று விதி வகுத்தன. போர் வந்தது, பையன்கள் கடல்கடந்து போனார்கள். அப்போது வீடா ஓர் என்ற பெண்மணி, தாமும் ஏரியில் கார் ஓட்டியவர், சங்கத்தின் செய்தி மடலை விடாமல் வெளியிட்டு, போர்முனையில் இருந்த அந்தப் பையன்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். எங்கோ ஒரு தீவில் இருப்பவனுக்குத் தன் ஏரியின் செய்தி! ஹாட் ராட் வரலாற்றில் எஞ்சின்களை எல்லோரும் புகழ்கிறார்கள். நான் இந்தப் பெண்மணியைப் புகழ்கிறேன்.

போனவர்கள் சும்மா திரும்பவில்லை. பில் பர்க் என்பவர் பசிபிக் பகுதியில் போர் விமானங்களின் கூடுதல் பெட்ரோல் தொட்டிகளைப் பார்த்தார். காற்றைக் கிழிப்பதற்கென்றே செய்த கண்ணீர்த்துளி வடிவம். 1946இல் அப்படி ஒரு தொட்டியை வாங்கி அதற்குச் சக்கரம் பூட்டி ஏரியில் ஓட்டினார். ஆயுதக் கழிவு வேகக் காராயிற்று.

முரோக் ஏரி விமானப்படைக்குப் போய்விட்டது. 1949இல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புத் திடலில் வேக வாரம் தொடங்கியது. தெருப்பந்தயத்தில் உயிர்கள் போவதைத் தடுக்க, போர்க்கால விமான ஓடுபாதைகளில் கால் மைல் நேர்ப்பந்தயம் வைத்தார்கள். 1950இல் சான்டா ஆனா விமானத் திடலில் காசு வாங்கி நடத்தினார்கள். நம் சோழவரத்திலும் பழைய போர்க்கால ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் கார்கள் பறந்தன என்பது இங்கே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் பழுதாகி நிற்கும் காருக்கு உதவிவிட்டு, கிளப் பெயர் அச்சிட்ட சிறு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போவதைப் பல கிளப்புகள் வழக்கமாக்கின. பத்திரிகைகளின் இகழ்ச்சிக்கு அவர்கள் கொடுத்த பதில் அது.

பெரிய கம்பெனிகள் இதைக் கவனித்தனவா? கவனித்தன. 1953 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு பொறியாளர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்களும் ஹாட் ராட் கட்டுவோரும் ஃபோர்டோடு வளர்கிறார்கள். அவர்கள் செவர்லே பக்கம் வர வேண்டுமானால், வரப்போகும் நம் வி-8க்கு வேக உறுப்புகளை நாமே ஆயத்தமாகத் தர வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியவர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ். அவரும் அவர் தம்பியும்தான் முன்பு ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டுக்கு மேல்வால்வு அலுமினிய ஹெட் செய்து விற்றவர்கள். 1955இல் செவர்லேயின் 265 கன அங்குல வி-8 வந்தது. எடை குறைவு, மூச்சு அதிகம், 162 குதிரைத்திறன். ஃபிளாட்ஹெட்டின் அரசாட்சி அதோடு முடிந்தது.

முடிக்குமுன் ஒரு காட்சி. 1970 மார்ச்சில் லயன்ஸ் என்ற நேர்ப்பந்தயத் தடத்தில் டான் கார்லிட்ஸ் என்ற மாபெரும் ஓட்டுநரின் கார், புறப்பட்ட கணத்திலேயே, கியர்பெட்டி வெடித்து இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அக்காலத்து வழக்கப்படி அவர் எஞ்சினுக்குப் பின்னால், கியர்பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். படுக்கையில் கிடந்தபடியே அவர் யோசித்தது என்ன? எஞ்சினை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் என்ன? அடுத்த ஆண்டே அப்படி ஒரு காரோடு வந்தார், வென்றார். அந்த வகைக் கார்களில் பின்னர் எல்லோரும் எஞ்சினைப் பின்னால் வைத்தார்கள். எத்தனை உயிர்களை அது காத்தது!

மாணவர்களே, நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஆகவே இந்த அரங்கைவிட்டு வெளியேறி நேரே கியர்பாக்ஸில் கை வைக்காதீர்கள். ஆனால் பழைய வண்டியைப் பிரித்துப் பழுதுபார்த்து, அதன் பிறந்த நிலைக்குத் திருப்ப எந்தத் தடையும் இல்லை. உங்கள் தாத்தாவின் கார் எந்த ஊர்க் கொட்டகையிலோ தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கலாம். விடுமுறைக்குப் போகும்போது அதைக் காயலான் கடைக்கு எடை போட விடாதீர்கள். ஊர் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜாக்கி போட்டு, அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் பிரேக் டிரம்மைக் கழற்றுங்கள்.